சிலருக்கு ‘நன்றி’, சிலருக்கு 500: காவடிப் பதிவுப் படிவத்தில் என்ன கோளாறு?

மொரீஷியஸ், ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

“எங்கள் கோவிலின் இணையதளத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். மாத வாடகைக்கு எடுத்த விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்), அதில் இயங்குதளம் உபுண்டு, வெப் சர்வர் அப்பாச்சி, டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல். செய்திப் பக்கங்கள் எல்லாம் வேர்ட்பிரஸ். தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுக்கும் படிவம் மட்டும், பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தம்பி பிஎச்பி என்ற நிரல்மொழியில் தனியாக எழுதிக் கொடுத்தது. அண்மையில் உபுண்டு 20.04-ஐ 22.04 ஆக்கினேன். அதிலிருந்து அந்தப் படிவத்தை அனுப்பினால் சிலருக்கு ‘நன்றி’ என்று வருகிறது, சிலருக்கு வெற்றுத் திரையில் 500 எரர். எல்லா ஃபோல்டருக்கும் 777 கொடு, சரியாகிவிடும் என்கிறார்கள். விரதம் தொடங்குவதற்குள் சரிசெய்ய முடியுமா, இல்லை ஹோஸ்டிங்கையே மாற்றிவிடட்டுமா?”

முதலில் அந்த 777 என்ற அனுமதி எண். வேண்டாம். சர்வரில் இருக்கிற யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைப்பதுதான் 777. அதைவிட வேடிக்கை, சில சர்வர் அமைப்புகளில் ஒரு ஸ்கிரிப்டுக்கு 777 இருந்தால் அதையே காரணமாகச் சொல்லி சர்வர் அதை ஓட்ட மறுத்து 500 கொடுக்கும். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644, கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் ஃபைலுக்கு 640. யாராவது ஏற்கெனவே மாற்றியிருந்தால் பழையபடி ஆக்கிவிடுங்கள். அனுமதிக் கோளாறு என்றால் எல்லாருக்கும்தான் வரும், பாதிப் பேருக்கு மட்டும் வராது.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடித்த வார்த்தையே அந்த ‘சிலருக்கு’தான். 500 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கோரிக்கை சர்வருக்கு வந்து சேர்ந்தது, அதைச் செய்யப்போகும்போது உள்ளே ஏதோ உடைந்தது, என்ன உடைந்தது என்று வெளியாளிடம் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான் அதன் பொருள். 502, 504 என்றால் பின்னால் இருக்கும் பிஎச்பி பதில் தரவில்லை, அல்லது தாமதம். 503 என்றால் சர்வர் திணறுகிறது, அல்லது பராமரிப்பில் இருக்கிறது. அவற்றிலாவது கொஞ்சம் துப்பு உண்டு, 500-இல் அதுகூடக் கிடையாது. அதனால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்: பிளகினை நிறுத்து, கேஷைத் துடை, ரீஸ்டார்ட் செய். உங்கள் விஷயத்தில் சிலருக்கு மட்டும் வருகிறது என்பதால் சர்வர் உயிரோடு இருக்கிறது, டிஸ்கில் இடம் இருக்கிறது, அப்பாச்சி நன்றாக ஓடுகிறது, டேட்டாபேஸும் பதில் சொல்கிறது. அப்படியானால் ஆளுக்கு ஆள் மாறுவது எது? அவர்கள் படிவத்தில் அடிப்பது மட்டும்தான்.

சரி, சர்வர் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாகைப் பார்ப்போம். இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். உபுண்டுவில் அப்பாச்சியின் எரர் லாக், ‘வார்’ ஃபோல்டருக்குள் ‘லாக்’, அதற்குள் ‘அப்பாச்சி2’ என்ற இடத்தில் இருக்கும். பிஎச்பியை எஃப்பிஎம் என்ற தனிச் சேவையாக ஓட்டினாலும், நீங்கள் எதையும் மாற்றாதவரை அதன் புலம்பலும் இங்கேதான் வந்து விழும். தளத்துக்கென்று தனி லாக் வைத்திருந்தால் அதைத் திறக்க வேண்டும். பலர் பொது லாகைப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லையே என்பார்கள். டெர்மினலில் டெயில் கட்டளையை ‘எஃப்’ சேர்த்து ஓட்டினால் புதிய வரிகள் வர வரத் திரையில் ஓடும். அதை ஒரு பக்கம் திறந்து வைத்துவிட்டு மறுபக்கம் நீங்களே படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.

இரண்டு தடவை அனுப்புங்கள். ஒரு தடவை பெயரை நம் ஊர் வழக்கப்படி ரோமன் எழுத்தில், பிரெஞ்சு ஸ்பெல்லிங்கோடு. அடுத்த தடவை அதே பெயரைத் தமிழில்: சுப்பிரமணியன்.

பழைய வரிகளைத் தேடுவதாக இருந்தால் நேரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். வாடகை விபிஎஸ் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் ஓடும், நாம் அதைவிட 4 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஒருவருக்கு மாலை 7:40-க்கு 500 வந்தது என்றால் லாகில் 15:40-ஐச் சுற்றிப் பாருங்கள். 19:40-இல் தேடிவிட்டு லாகே சரியில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

தமிழில் அனுப்பும்போது ஒரு நீளமான வரி விழும். ‘பிஎச்பி ஃபேட்டல் எரர்: அன்காட் மைஎஸ்கியூஎல்ஐ எஸ்கியூஎல் எக்ஸெப்ஷன்’ என்று தொடங்கி, ‘இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ’ என்று போய், மேற்கோள் குறிக்குள் இ0, ஏஇ, 9ஏ என்று ஏதோ வாய்பாடு மாதிரி வரும். பயப்பட ஒன்றுமில்லை, அந்த மூன்று பைட்டும் சேர்ந்ததுதான் ‘ச’. டேட்டாபேஸ் டேபிளின் எந்தக் காலம் (நெடுவரிசை), எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்பதும் கூடவே இருக்கும். ரோமன் எழுத்துப் பெயருக்கு ஒன்றும் விழாது. 500 வந்தவர்களை விசாரித்துப் பாருங்கள், ஃபோனில் தமிழ்க் கீபோர்டு வைத்திருக்கிற டீச்சர்களும் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுமாக இருப்பார்கள்.

நடந்தது இதுதான். அந்தப் படிவத்தின் டேபிள் பழைய மைஎஸ்கியூஎல்லில் உருவானது. அந்தக் காலத்தில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது ‘லாட்டின்1’ என்ற எழுத்துத் தொகுப்பில்தான் டேபிளை உண்டாக்கும்; 8.0 வந்தபோதுதான், 2018-இல், அது எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யூடிஎஃப்8எம்பி4 ஆக மாறியது. மைஎஸ்கியூஎல்லை உயர்த்தினாலும் பழைய டேபிள் தானாக மாறாது. லாட்டின்1-இல் ஆங்கில எழுத்து உண்டு, பிரெஞ்சின் கோடு போட்ட எழுத்தும் உண்டு, எலோடியும் ஆந்த்ரேயும் குறையில்லாமல் பதிவாகிவிடுவார்கள். தமிழுக்குத்தான் அதில் இடமே கிடையாது. நம் நாட்டில் இந்தக் கோளாறு இவ்வளவு நாள் ஒளிந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: பிரெஞ்சுப் பெயரைப் போட்டுச் சோதித்தவர், அயல் எழுத்தெல்லாம் நன்றாகப் போகிறது என்று நம்பியிருப்பார்.

அப்படியானால் போன வருடம் ஏன் 500 வரவில்லை? உபுண்டு 20.04-இல் இருந்தது பிஎச்பி 7.4. 22.04-இல் இருப்பது 8.1. இந்த 8.1-இல்தான், பிஎச்பி டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல்ஐ தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. முன்பெல்லாம் டேட்டாபேஸ் ஒரு பதிவை ஏற்க மறுத்தால் அது சும்மா ‘இல்லை’ என்று திருப்பும், அந்த விடையைப் பார்ப்பதும் பார்க்காததும் நிரல் எழுதியவர் பாடு. 8.1 முதல் அது எக்ஸெப்ஷனை (நிரலை நிறுத்தும் பிழை அறிவிப்பை) வீசுகிறது, பிடிக்க ஆளில்லை என்றால் 500. தம்பி விடையைப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. பார்க்காமல் ‘நன்றி’ பக்கத்துக்கு அனுப்பியிருப்பார். ஆக, போன வருடமும் தமிழில் பெயர் கொடுத்தவர்களில் சிலராவது பட்டியலில் ஏறாமலே போயிருக்கலாம். நன்றி என்று வந்ததே, பெயர் மட்டும் இல்லையே என்று கோவில் வாசலில் யாராவது கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

இதனால்தான் இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மைஎஸ்கியூஎல்ஐ-இன் எச்சரிக்கையை ஒரே வரியில் அணைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். சொன்னபடி 500 மறையும். பெயர்களும் மறையும். உபுண்டுவைப் பழையதற்கு இறக்கினாலும் அதே கதைதான், தவிர 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025-லேயே முடிந்துவிட்டது, பிஎச்பி 7.4-க்கு 2022-லேயே.

சரிசெய்வதற்கு முன்னால் பேக்கப். டேட்டாபேஸுக்கு மைஎஸ்கியூஎல்டம்ப் ஒன்று, முழு சர்வருக்கும் ஹோஸ்டிங் பேனலில் ஸ்னாப்ஷாட் ஒன்று, இரண்டும்.

அப்புறம் பழைய டேபிளை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். ‘ஆல்டர் டேபிள்’ போட்டு யூடிஎஃப்8எம்பி4-க்கு ‘கன்வர்ட்’ செய்தால் போதும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் உங்கள் டேபிள் பழசு. பிஎச்பிமைஅட்மினில் திறந்தால் சில வரிசைகளில் பெயருக்குப் பதிலாக, பிரெஞ்சில் வருகிற சாய்கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவுக்குறியும் மாறி மாறிக் கொத்தாகத் தெரிகிறதா? தெரிந்தால் அது குப்பை இல்லை, தமிழ்தான். பழைய மைஎஸ்கியூஎல் ஓடிய நாட்களில் படிவமும் டேபிளும் இரண்டும் தங்களை லாட்டின்1 என்று நினைத்துக்கொண்டு தமிழின் பைட்டுகளை அப்படியே வாங்கி வைத்திருக்கின்றன. இதை நேராகக் கன்வர்ட் செய்தால் அந்தக் கோலம் நிரந்தரமாகிவிடும். காலத்தை முதலில் பைனரிக்கு மாற்றி, அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்குக் கொண்டுவர வேண்டும். அதே டேபிளில் எலோடியின் கோடு போட்ட எழுத்து ஒழுங்காகவும் பதிவாகியிருந்தால் இந்த வழியும் அந்த வரிசையில் முட்டிக்கொள்ளும்.

விரதம் நெருங்குகிற நேரத்தில் இந்தத் தலைவலி உங்களுக்கு எதற்கு? பழைய டேபிளை அப்படியே விடுங்கள். இந்த வருடத்துக்கென்று புது டேபிள் ஒன்று, தொடக்கத்திலிருந்தே யூடிஎஃப்8எம்பி4-இல், போட்டுவிடுங்கள். நிரலில் டேட்டாபேஸ் இணைப்புத் திறந்த உடனே ‘செட் சார்செட்’ யூடிஎஃப்8எம்பி4 என்று ஒரு வரி, டேபிள் பெயர் மாற்றம், அவ்வளவுதான். இப்போது சரியாகப் பதிவான ரோமன் பெயர்களையும் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுவிடுங்கள். பழைய வருடங்களைத் தைப்பூசம் முடிந்து சாவகாசமாகப் பார்க்கலாம்.

புது டேபிளில் பெயருக்குத் தாராளமாக இடம் விடுங்கள். சுப்பிரமணியன் என்று நாம் எண்ணினால் 8 எழுத்து. டேட்டாபேஸ் புள்ளியையும் உகர, இகரக் குறிகளையும் தனித்தனியாக எண்ணி 13 என்று சொல்லும். அப்பா பெயரும் சேர்ந்தால் 20 இடமுள்ள காலம் போதாது, அங்கே ‘டேட்டா டூ லாங்’ என்று வேறொரு 500 காத்திருக்கும். 150 என்று வைத்துவிடுங்கள், கூடுதலாகச் செலவு ஒன்றும் ஆகாது. எக்ஸெப்ஷனைப் பிடித்து, ‘பதிவாகவில்லை, கோவிலுக்கு ஃபோன் செய்யுங்கள்’ என்று ஒரு பக்கம் காட்டுகிற மாதிரியும் எழுதிவிட்டால் வெற்றுத் திரை யாருக்கும் வராது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இவ்வளவு தூரம் வந்ததற்கு: தளம் முழுவதும் ஒரே நேரத்தில் 500 ஆனால் அது வேறு வகை. வேர்ட்பிரஸ் என்றால், அப்டேட்டுக்குப் பிறகு உடைந்த பிளகினைத்தான் முதலில் சந்தேகிப்பேன். 2019-இல் வந்த 5.2 முதல் அட்மின் மெயிலுக்கு எந்தப் பிளகின் என்று அதுவே எழுதும், மெயில் வரவில்லை என்றால் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றிப் பாருங்கள். லாகில் 134217728 என்ற எண் தெரிந்தால் அது 128 எம்பி, பிஎச்பிக்கு நினைவகம் போதவில்லை. லாகில் எதுவுமே விழவில்லை என்றால் டிஸ்க் நிரம்பியிருக்கலாம், லாக் எழுதக்கூட இடமில்லாமல் போயிருக்கும். பைட்டுகளை மட்டும் பார்க்காமல் ஐநோடு (ஃபைல்களின்) எண்ணிக்கையையும் பாருங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு வகை உண்டு. அப்பாச்சிக்குக் கட்டளை சொல்லும் எச்டிஆக்சஸ் ஃபைலில் முதல் வரியாகத் தமிழில் ஒரு குறிப்பு எழுதி, பழைய விண்டோஸ் நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்தால், கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டு ஃபைலின் தலையில் ஒட்டிக்கொள்ளும். பிஓஎம் என்பார்கள். அப்பாச்சிக்கு அந்த வரி குறிப்பாகவே தெரியாது, ஏதோ தெரியாத கட்டளை என்று மொத்தத் தளத்தையும் 500 ஆக்கிவிடும். 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 நோட்பேடில் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், காவடிப் பட்டியலைச் சிஎஸ்வியாக இறக்கி எக்ஸெலில் திறப்பீர்கள் இல்லையா, அங்கே அதே பிஓஎம் இருந்தால்தான் தமிழ் தமிழாகத் தெரியும்.

ஹோஸ்டிங் மாற்றம் வேண்டாம். இதே நிரலையும் இதே டேபிளையும் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும் 500 கூடவே வரும், போதாக்குறைக்கு டிஎன்எஸ் (தளத்தின் பெயர் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்பது) மாறுகிற நேரத்தில் பாதிப் பேர் பழைய சர்வரிலும் பாதிப் பேர் புதியதிலும் பதிந்துவைப்பார்கள்.

இதுவரை எத்தனை பேரை இழந்தீர்கள் என்பது ஆக்சஸ் லாகில் இருக்கிறது: படிவத்தின் ‘போஸ்ட்’ (அனுப்பிய) வரிகளில் 500 என்று முடிவு வந்தவற்றை மட்டும் எடுங்கள். பெயர் இருக்காது, நேரம் இருக்கும். சிலர் இரண்டு மூன்று தடவை அழுத்தியிருப்பார்கள், ஒரே ஐபியிலிருந்து அடுத்தடுத்து வந்ததை ஒன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையோடு கோவில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: இன்ன தேதிக்குப் பிறகு தமிழில் பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் மறுபடி பதியுங்கள். லாகில் நான் சொன்னதல்லாத வேறு வரி வந்திருந்தால் அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள், அனுப்புவதற்கு முன்னால் ஃபோன் எண்களையும் டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் எடுத்துவிட்டு.