டீம் லீட் ஆகத் தயங்கும் மகள்

அம்மா, ஆறு வருடமாகச் சோழிங்கநல்லூரில் கோடிங் செய்யும் உங்கள் மகளை எட்டுப் பேர் டீமுக்கு லீடாகச் சொல்கிறார்கள். அவர் "எனக்கு ஆள் மேய்க்கத் தெரியாது" என்கிறார். நீங்கள், இதற்கென்று எம்.பி.ஏ. சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். இந்த வேலை அவருக்குப் பிடிக்கிறதா என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே தெரிந்துகொள்ள வழி வந்திருக்கிறது.

அவர் பயத்திலும் நியாயம் உண்டு. நன்றாகக் கோடிங் செய்பவர்கள் லீடானதும் கஷ்டமான வேலையெல்லாம் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். மென்பொருளை வெளியிடும் ரிலீஸ் ராத்திரியில் அவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் எதையும் கற்றுக்கொள்ளாததால், லீட் லீவு போட்டால் வேலை நின்றுவிடும்.

கூகுள் 2012-இல் தன் டீம்களை ஆராயத் தொடங்கி, சுமார் 180 டீம்களைப் பார்த்தது. டீமில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்பதே பெரிதாக இருந்தது. அதிலும் முதலிடம், "புரியவில்லை", "இந்த பக் (மென்பொருள் பிழை) என்னால் வந்தது" என்று பயமில்லாமல் சொல்ல முடிவதற்கு. நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். வகுப்பில் சந்தேகம் கேட்டுத் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்; கேம்பஸிலிருந்து வந்த ஃப்ரெஷர் இரண்டு நாள் முழித்துக்கொண்டு இருப்பாரே தவிர, வாய் திறக்கமாட்டார். லீடே "எனக்கும் தெரியாது, வா பார்க்கலாம்" என்றால் மெல்லக் கேட்க ஆரம்பிப்பார். புரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் மென்பொருளில், கோளாறு வந்தால் "யார் செய்தது?" என்ற விசாரணை வேண்டாம், டெஸ்டிங்கில் ஏன் மாட்டவில்லை என்று பார்த்தால் போதும். இதையெல்லாம் உங்கள் மகள், மற்றவர் எழுதிய கோடிங்கைச் சரிபார்க்கும் கோட் ரிவியூவில் இன்றே பழகலாம், பதவி தேவையில்லை.

இன்னொன்று. வேலை தள்ளிப்போனால் மேலிடம் நான்கு பேரைக் கூடுதலாக அனுப்பும். ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எச்சரித்தார்: தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். எட்டுப் பேருக்குள் இருவர் இருவராகப் பேச 28 ஜோடிகள். பன்னிரண்டு பேர் என்றால் 66. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பழையவர்கள்தானே! அப்போது வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் துணிச்சல் வேண்டும்.

ஒத்துக்கொள்ளும் முன் மேனேஜரிடம் சிலவற்றைக் கேட்கட்டும். ஆள் எடுக்கும் இன்டர்வியூவில் தனக்கு இடம் உண்டா, அப்ரைசல் யார் போடுவது, வாரத்தில் எவ்வளவு நேரம் கோடிங் இருக்கும், பிடிக்காவிட்டால் மென்பொருளை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் பக்கம் போக வழி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் நான் யோசிப்பேன். சரியான பதில் என்றால் ஆறு மாதம் செய்து பார்க்கட்டும்.

அதுவரை சொந்தக்காரர்களிடம் "மேனேஜர் ஆகிவிட்டாள்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்புறம், பிடிக்காமல் திரும்பி வர நினைத்தாலும் அவருக்குச் சங்கடமாகிவிடும்.