கூடத்தில் பாய் விரித்துப் படுப்பது தவறா, டாக்டர்?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. சரக்கு வேன் ஓட்டுகிறார். பல வருடமாகவே குறட்டை உண்டு. இப்போது கதவைச் சாத்தினாலும் கூடம்வரை கேட்கிறது. நான் இரவில் மூன்று மணி நேரம் தூங்கினாலே அதிகம். காலையில் தலைவலியோடு எழுந்து பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். சில நேரம் அவருடைய குறட்டை பட்டென்று நின்றுபோய், பிறகு திணறுவதுபோல ஒரு சத்தத்தோடு மறுபடி தொடங்கும். பத்து நாளாகக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறேன். “இரண்டு பேருக்கும் என்ன சண்டை?” என்று மாமியார் கேட்கிறார். கணவரோ தனக்குக் குறட்டையே இல்லை என்கிறார். காதில் வைத்துக்கொள்ள நல்ல பஞ்சு இருந்தால் சொல்லுங்கள்.
– ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: அம்மா, பஞ்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது: “பட்டென்று நின்றுபோகும்.” குறட்டை நின்றதும் உங்களுக்கு அப்பாடா என்று இருந்திருக்கும். அந்த அமைதியில் அவருடைய மூச்சும் நின்றிருக்கலாம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்பக்கமாகச் சரிகிறது. குறுகிய வழியில் காற்று புகும்போது அண்ணத்தின் மென்மையான பகுதியும் உள்நாக்கும் அதிர்வதுதான் குறட்டை. சிலருக்கு அந்த வழி முழுவதுமாகவே அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி எழுப்பும். திணறலோடு மூச்சு திரும்பும். அவருக்கு எதுவும் நினைவிருக்காது. “எனக்குக் குறட்டையே இல்லை” என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. அந்த நேரத்தில் விழித்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதைக் கணக்கில் எடுக்கிறோம். மூச்சு நிற்பதும் பெரிதும் குறைந்துபோவதும் சேர்த்து, மணிக்கு ஐந்து தடவைக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் பயமில்லை. முப்பதும் அதற்கு மேலும் என்றால் கடுமையானது. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பக்கவாத ஆபத்தும் கூடும்.

இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாத அளவுக்குக் கழுத்து பருத்திருக்கிறதா? காலையில் வாய் வறண்டு, தலை கனத்து எழுகிறாரா? இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறாரா? இதைச் சர்க்கரை என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மூச்சு நிற்பதாலும் இப்படி ஆகும். மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கிறதா?

இரண்டு மூன்று இரவுகள் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் மூச்சு நிற்பது பெரும்பாலும் அதிகமாக இருக்கும். முகமும் மார்பும் தெரிய வேண்டும். சத்தமே இல்லாத நேரத்தில் மார்பும் வயிறும் மூச்சுக்காக எக்கி எக்கி அசைவது தெரிந்தால், என் போன்றவர்களுக்கு அந்த ஒரு நிமிடப் படம் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அதை அவரிடம் தனியாகக் காட்டுங்கள். மாமியார் முன்னிலையில் வேண்டாம். “உங்களால் என் தூக்கம் கெடுகிறது” என்று தொடங்கினால் ரோஷம்தான் வரும். “உங்களுக்கு மூச்சு நின்றுபோகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்லுங்கள். அதுதானே உண்மையும்?

பிறகு நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ இருவருமாகப் போய்ப் பாருங்கள். மூக்குத் தண்டு வளைவு, ஒவ்வாமை, டான்சில், தைராய்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். சிலருக்கு அதை வீட்டிலேயே செய்துவிடலாம். நோய் உறுதியானால் பெரும்பாலும் சிபேப் என்ற கருவியைத் தருவோம். மூக்கில் பொருத்திய முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்ளும். சிட்னியில் கோலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் இதை உலகுக்கு அறிவித்தார். முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். பழகியவர்களில் பலர் அது இல்லாமல் படுக்க மறுக்கிறார்கள். விலை அதிகம்தான், வாடகைக்கும் கிடைக்கிறது.

இன்றைக்கே செய்யக்கூடியவையும் உண்டு. படுப்பதற்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரத்தில் மது கூடவே கூடாது. மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்; இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். பழைய பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து, அதில் டென்னிஸ் பந்தை வைத்துவிட்டால் மல்லாந்து புரளும்போது உறுத்தித் தானே திரும்பிக்கொள்வார். உடம்பு பருமனாக இருந்தால், எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். மூக்கில் ஒட்டும் பட்டை, தாடைப் பட்டை என்று விளம்பரத்தில் வருவதையெல்லாம் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இனி உங்கள் தூக்கம். பஞ்சு சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. மருந்துக் கடையில் நுரையால் செய்த காதடைப்பான் கிடைக்கும். அதை விரல்களால் மெல்லிசாக உருட்டி, மற்றொரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். காதில் சீழோ வலியோ இருந்தால் வேண்டாம். அவருக்கு அரை மணி நேரம் முன்னதாகவே படுத்துவிடுங்கள். ஆழ்ந்து தூங்கிவிட்டால் எளிதில் கலையாது.

தனியாகப் படுப்பதில் தவறே இல்லை. மூன்று மணி நேரத் தூக்கத்தோடு ஒரு வீட்டை நடத்த யாராலும் முடியாது. அவருக்குச் சிகிச்சை நடக்கும்வரை வாரத்தில் சில நாளாவது கூடத்தில் நிம்மதியாகத் தூங்குங்கள். மாமியாரிடம், “அவருக்கு மூச்சுக் கோளாறு, டாக்டரிடம் காட்டப் போகிறோம்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மகனைப் பற்றிய கவலை வந்தால் அவரே உங்கள் பக்கம் நின்று பேசுவார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வண்டி ஓட்டும்போது எப்போதாவது கண் சொக்கியதா என்று இன்றே அவரைக் கேளுங்கள். ஆம் என்றால், பரிசோதனை முடிந்து சிகிச்சை பலன் தரும்வரை அவர் ஓட்டவே வேண்டாம்; வேறு ஓட்டுநரை அனுப்பச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், குறட்டையைப் பற்றிச் சொல்வதற்கும் முன்னால்.