மைதானம் காலியாக இருந்தால் பேஸ்பால் ரசிகர்களுக்கு அணி மேல் பற்று இல்லை என்று அர்த்தமா?

இல்லை. அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஒவ்வொரு அணியும் சொந்த மைதானத்தில் மட்டும் சீசனுக்கு 81 ஆட்டங்கள் ஆடுகிறது. பலவும் வேலைநாள் இரவுகளில் வரும். எவ்வளவு தீவிர ரசிகரானாலும் எல்லாவற்றுக்கும் போக முடியாது.

டாம்பா பே ரேஸ் 2008லும் 2020லும் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் வரை போன அணி. ஆனாலும் கூட்டம் குறைவு. காரணம், மைதானம் இருப்பது டாம்பா நகரிலிருந்து விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். டாம்பாவில் வேலை முடித்தவர் மாலை நெரிசலில் பாலம் தாண்டிப் போக வேண்டும்.

சிகாகோ கப்ஸ் கதை வேறு. 1908க்குப் பிறகு 2016 வரை கோப்பையே இல்லை. ஆனாலும் அவர்களது மைதானமான ரிக்லி ஃபீல்டின் அழகுக்காகவே ஆட்கள் வந்தார்கள். 1960களில் அங்கேயும் இருக்கைகள் காலியாகக் கிடந்ததுண்டு.

எனக்கு மனதை உலுக்கிய உதாரணம் ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் அணி. நல்ல வீரர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, ஊரை விட்டே கிளம்பத் தயாரானது நிர்வாகம். ரசிகர்கள் வராமல் இருந்ததே எதிர்ப்புதான். பிறகு 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை, சொல்லிவைத்துத் திரண்டார்கள்; அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை 27,759. பச்சைச் சட்டையோடு, 'அணியை விற்றுவிடு' என்று உரிமையாளரைப் பார்த்து முழங்கினார்கள். இவர்களையா பற்றில்லாதவர்கள் என்பது?

அப்புறம் ஒன்று: அறிவிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கை விற்ற டிக்கெட்டுகளுடையது, உள்ளே வந்த தலைகளுடையது அல்ல.