நீளம் கூடிய எபிசோட்களைப் பார்க்கலாமா? (வாசகர் கேள்வி – பதில்)

விண்வெளித் தொடர்களின் ‘எக்ஸ்டெண்டட் வெர்ஷன்’ பற்றிப் போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். டிவியில் வந்ததை விட நீளமாக, பிறகு டிஸ்க்கில் வெளியிடப்படும் எபிசோட்கள் அவை. அந்த ஒரு வரிக்கே கடிதங்கள் குவிந்துவிட்டதால் இம்மாதப் பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

அண்ணா, பத்துப் பதினைந்து நிமிஷக் காட்சியைக் காசு செலவழித்து எடுத்துவிட்டு ஏன் வெட்டுகிறார்கள்?
— வாசகர், தலவாக்கலை

மணிக்கூடுதான் காரணம் தம்பி. அமெரிக்க டிவியில் ஒரு மணி நேரத் தொடர் என்றால் அதில் கதைக்குக் கிடைப்பது முழு மணி நேரம் அல்ல. 1966 இல் வந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’குக்கு 50 நிமிஷம் அளவில் கிடைத்தது. அதன் வழித்தொடராக 1987 இல் தொடங்கிய ‘நெக்ஸ்ட் ஜெனரேஷ’னுக்கு 45 ஐ ஒட்டித்தான். 2004 க்குப் பிறகு வந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வுக்கு 43. மீதியெல்லாம் விளம்பரம். எடிட்டிங் முடிந்து பார்க்கும்போது கதை 57 நிமிஷத்தில் நின்றால் எதையாவது எடுத்தே ஆக வேண்டும்.

எதை எடுப்பார்கள்? கப்பல் வெடிக்கும் காட்சியில் கை வைக்க மாட்டார்கள், அதற்குச் செலவு கூட. இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசுவது, ஒருவர் பதில் சொல்லாமல் நிற்பது, இவைதான் முதலில் போகும். அதனால் நீளப் பதிப்பு என்றதும் கூடுதல் சண்டை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் கூடுதலாக இருப்பது மனிதர்கள்தான். எனக்கு இந்தப் பதிப்புகள் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கும் அதுவே காரணம்.

ஆனால் வெட்டிய எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். மணிக்கூட்டுக்காக வெட்டியது வேறு, ‘இது இல்லாமல்தான் கதை நன்றாக இருக்கிறது’ என்று வெட்டியது வேறு. நான் தேடிப் பார்க்கச் சொல்வது முதல் வகையை.

நான் இதுவரை ஒரு நீளப் பதிப்பும் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம் சேர்?
— ஆசிரியை, பண்டாரவளை

யோசிக்கவே வேண்டாம் டீச்சர், ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’. ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இரண்டாம் சீசனில், 1989 பெப்ரவரியில் ஒளிபரப்பானது. கப்பலில் டேட்டா என்று ஓர் அதிகாரி. மனிதன் அல்ல, இயந்திரம். அவனைப் பிரித்துப் போட்டு ஆராய வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி வந்து நிற்கிறார். முடியாது என்று சொல்ல டேட்டாவுக்கு உரிமை உண்டா, இல்லை அவன் வேலை செய்யும் விண்கப்பற்படையின் சொத்தா? இதுதான் வழக்கு. கேப்டன் பிக்கார்ட் டேட்டாவுக்காக வாதாடுகிறார். டேட்டாவின் நண்பன் ரைக்கர் எதிர்த்தரப்பில் வாதாட வேண்டிய கட்டாயம். அவன் மறுத்தால் டேட்டா தோற்றதாகத் தீர்ப்பாகிவிடும்.

எழுதியவர் மெலிண்டா ஸ்நாட்கிராஸ். எழுத்துக்கு வருவதற்கு முன் சட்டத்தரணியாக இருந்தவர், அது வசனத்தில் தெரியும். முதலில் எடிட் செய்த நீளமான பிரதி ஒன்று விஎச்எஸ் கசெட்டில் அவரிடம் இருந்தது. தொடரை 35 எம்எம் பிலிமில் எடுத்து வீடியோவில் எடிட் செய்திருந்தார்கள். 2012 இல் புளூ-ரேக்காகப் பழைய பிலிம் சுருள்களைத் தேடியெடுத்து ஒவ்வொரு எபிசோடையும் மறுபடி கோர்த்தபோது, எந்த இடத்தில் எந்தக் காட்சி இருந்தது என்பதற்கு அந்தக் கசெட்தான் வழிகாட்டியாக இருந்தது. அப்படி வந்ததுதான் 57 நிமிஷப் பதிப்பு. ஹட்டனில் வீடியோ கடை நடத்திய எனக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை. மாரி மாதங்களில் கசெட்டின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் மாவு தூவியதுபோல் படிந்திருக்கும். ராக்கைக்குள் பல்பு எரியவிட்டும் எத்தனையோ நாடாக்கள் போய்விட்டன. ஒரு கசெட்டை இருபது வருஷத்துக்கு மேல் கெடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு பதிப்பிலும் உள்ள ஒரு காட்சியைச் சொல்லாமல் போக மாட்டேன். வழக்கு கைநழுவும் நேரத்தில் பிக்கார்ட் கைனனிடம் போய் உட்காருகிறார். வூப்பி கோல்ட்பெர்க் நடித்த பாத்திரம். மற்றவர்கள் செய்ய விரும்பாத வேலைக்கென்று, பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறியக்கூடிய ஆட்கள் எல்லா உலகத்திலும் இருந்திருக்கிறார்கள் என்று அவள் மெதுவாக எடுத்துக் கொடுக்கிறாள். அடிமைத்தனத்தைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குச் சட்டென்று புரிகிறது. இதை நம் மலைநாட்டில் இருந்து பார்ப்பது வேறு. எங்கள் பூட்டன் காலத்தில், 1921 இல் ஒழிக்கும் வரை, கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ கையில் இல்லாமல் ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. கடனை யார் ஏற்கிறாரோ அவரிடம் ஆள் போவார். 1948 இல் குடியுரிமையும் போனது. ஓர் உயிர் இன்னொருவருக்குச் சொந்தமா என்ற வழக்கு நமக்கு வெறும் கற்பனைக் கதை இல்லை டீச்சர். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

டிஸ்க் அட்டையில் 45 நிமிஷம் என்று படித்தேன். என் டிவிடியில் 43 தான் ஓடுகிறது. இரண்டு நிமிஷத்தை யாரோ வெட்டிவிட்டார்களா?
— வாசகர், மஸ்கெலியா

வெட்டவில்லை. பிலிம் ஒரு விநாடிக்கு 24 பிரேம். நம் நாட்டில் இருக்கும் ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் விநாடிக்கு 25. பல டிவிடிகளில் படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிச் சரிக்கட்டிவிடுவார்கள். 45 நிமிஷத்தை 24 ஆல் பெருக்கி 25 ஆல் வகுத்துப் பாருங்கள், 43 நிமிஷம் 12 விநாடி வரும். குரலும் ஒரு பொட்டு உயர்ந்து கேட்கும். வித்தியாசம் நூற்றுக்கு நாலு அளவில் இருந்தால் கவலைப்படாதீர்கள். அதைவிடக் கூடினால் அப்போது சந்தேகப்படலாம்.

‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் ‘பெகஸஸ்’ நீளப் பதிப்பு நல்லது என்று மகன் சொல்கிறான். அவன் பத்தாம் வகுப்பு. சேர்ந்து பார்க்கலாமா?
— ஒரு தாய், நுவரெலியா

இப்போது வேண்டாம் அம்மா. கைதியாக இருக்கும் பெண் மீதான பாலியல் வன்முறை அந்தக் கதையின் நடுவில் இருக்கிறது, எந்தப் பதிப்பாக இருந்தாலும். சில வருஷம் போகட்டும். பெரியவர்களுக்கு நான் நீளப் பதிப்பையே சொல்வேன். 2005 செப்டெம்பரில் வந்ததை விட ஏறக்குறைய கால் மணி நேரம் கூட. தொலைந்துபோனதாக நினைத்த இன்னொரு போர்க்கப்பல் வந்து சேரும் சந்தோஷம், கொஞ்சம் கொஞ்சமாகப் பயமாக மாற அந்த நேரம் தேவைப்படுகிறது.

அதே தொடரில் ‘அன்ஃபினிஷ்ட் பிஸினஸ்’ 70 நிமிஷத்துக்கு நீள்கிறது. அதில் என் விருப்பம் குட்டைப் பதிப்பு. குத்துச்சண்டை மேடைக்கும் பழைய நினைவுகளுக்கும் மாறி மாறிப் போகும் கதை அது. நினைவுகள் நீள நீள மேடையின் சூடு ஆறிவிடுகிறது.

இயக்குநர் இறந்த பிறகு மற்றவர்கள் நீட்டிய பதிப்பை அவருடைய படைப்பு என்று எப்படி ஏற்பது?
— வாசகர், பதுளை

‘டொக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் டிவித் தொடரின் ‘தி கர்ஸ் ஆஃப் ஃபென்ரிக்’கை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1989 இல் நான்கு பகுதியாக வந்த கதை. எடுத்தது ஒளிபரப்பு நேரத்தில் அடங்கவில்லை, அவசரமாகக் குறைத்தார்கள். இயக்குநர் நிக்கலஸ் மாலட் 1997 இல் காலமானார். 2003 டிவிடிக்காக முழுநீளப் படம்போல் அதைக் கோர்த்தவர் அதற்கு இசையமைத்த மார்க் ஏர்ஸ். இயக்குநர் விட்டுப்போன குறிப்புகளை வைத்துச் செய்தார். கூட வேலை செய்தவர், குறிப்பும் கையில் இருக்கிறது, பழைய பதிப்பும் அதே பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. இந்த மூன்றும் இருப்பதால் நான் ஏற்கிறேன். பழையதை மறைத்துவிட்டுப் புதியதை மட்டும் விற்றிருந்தால் ஏற்றிருக்க மாட்டேன்.

ஆர்தர் சி. கிளார்க் நம் நாட்டில் வாழ்ந்தவர். அவர் எழுதிய ‘2001’ படத்துக்கும் நீளப் பதிப்பு உண்டாமே?
— மாணவி, ஹப்புத்தளை

இருந்தது தங்கச்சி. 1968 ஏப்ரலில் முதல் காட்சிகள் முடிந்த சில நாட்களிலேயே இயக்குநர் குப்ரிக் 19 நிமிஷத்தை நீக்கினார். டிவிபோல் நேர வரம்பு யாரும் வைக்கவில்லை, அவருடைய தீர்மானம் அது. அந்த நீளப் பதிப்பு பிறகு வெளியாகவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நான் மேலே சொன்ன இரண்டாம் வகை இது.

இவற்றை எங்கே தேடுவது? மழை வந்தாலே எங்கள் டிஷ் நின்றுவிடுகிறது.
— வாசகர், நோர்வூட்

ஒன்லைன் தளங்களில் பெரும்பாலும் ஒளிபரப்பான பதிப்புதான் இருக்கும். நீளப் பதிப்புக்கு டிஸ்க்கைத்தான் நம்ப வேண்டும். வாங்குமுன் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள், எந்த எபிசோட் நீளமானது என்று பெயர் போட்டிருப்பார்கள். ‘பெகஸஸ்’ வேண்டும் என்றால் அமெரிக்கப் பதிப்பில் இரண்டாம் சீசனின் இரண்டாவது பெட்டி, 2.5 என்று அச்சிட்டது. எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று டிவிடிக்கு ‘ரீஜன்’ எண் ஒன்று உண்டு: அமெரிக்க டிவிடிக்கு 1, நம் பக்கத்துக்கு 5. உங்கள் பிளேயர் எல்லா ரீஜனையும் எடுக்குமா என்று கடையிலேயே ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் டிஸ்க்கைச் சுவரோரம் அடுக்காதீர்கள், நம் ஊர்ச் சுவர் ஈரத்தை உறிஞ்சும். இறுக மூடும் பிஸ்கட் டின் போதும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சின்ன சிலிக்கா பைகளை எறியாமல் அதற்குள் போட்டு வையுங்கள்.