ஊட்டி ரிசார்ட்டில் ‘வெளி உணவு கூடாது’ என்கிறார்கள், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு என்ன செய்வது?

குழந்தை சாப்பாட்டை எடுத்துப் போங்கள், அதைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. அந்த விதி அநேகமாக அறைக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சமைப்பவர்களுக்கும் அண்டா பிரியாணியோடு வந்து இறங்கும் கூட்டத்துக்கும் போட்டதுதான்.

இருந்தாலும் இன்றைக்கே போன் செய்து, குழந்தை உணவு கொண்டுவரலாமா, அறையில் கெட்டில் உண்டா, ராத்திரி பால் காய்ச்சித் தருவார்களா என்று கேட்டு, பதிலை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள், வரவேற்பில் வேறு ஆள் இருந்தால் அதைக் காட்டலாம்.

கெட்டிலில் பால் ஊற்றாதீர்கள், அடிப்பிடித்துவிடும். வெந்நீர் மட்டும் போதும்: வறுத்துப் பொடித்த அவலில் ஊற்றிக் கிளறி மூடி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கஞ்சி குழைந்துவிடும். வழிக்குத் தயிர்சாதம் வேண்டாம், மேட்டுப்பாளையம் வெயிலில் காரிலேயே புளித்துவிடும். உங்களுக்குப் பொடி தடவிய இட்லி, பிள்ளைக்கு நெய் தடவியது, அதையும் மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஒன்று கவனம், நீலகிரியில் சின்னப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலாக எடுங்கள். வண்டிக்கு இ-பாஸும் பாருங்கள், 2024 மே முதல் அந்த நடைமுறை இருக்கிறது. அப்புறம், பிஸ்கட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள், குரங்கு வரும்.