இரக்கப்பட்டு காசு குடுத்தேன், இப்ப அவங்கள பாத்தாலே எரிச்சலா வருது

மேடம் வணக்கம்,

எனக்கு 29 வயசு, ஒரு பிரைவேட் நகைக்கடன் கம்பெனி பிராஞ்சுல அப்ரைசரா இருக்கேன். உரைகல்லு, ஆசிட்டு, தராசு, இதான் நாள் பூரா. கம்மல் வரும், மூக்குத்தி வரும், ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸ் நேரம்னா தாலிக்கொடியே வந்துரும், தாலிய மஞ்சக்கயித்துல கோத்துகிட்டு கொடிய கழட்டி கையில குடுப்பாங்க, நான் தேச்சு பாத்து கிராம் சொல்லணும்.

விஷயம் என்னன்னா ஒரு அக்கா, வீட்டு வேல செய்றவங்க, அவங்க கம்மலுக்கு ஏல நோட்டீஸ் போயிருச்சு. கவுண்டர்ல நின்னு அழுதாங்க. எனக்கு தாங்கல, வட்டிய நானே கட்டி ரெனியூவல் போட்டுட்டேன், வீட்டுலயும் சொல்லல ஆபீஸ்லயும் சொல்லல. ஆனா வெளிய வந்து பைக் ஸ்டார்ட் பண்றதுக்குள்ளயே கோவம் வந்துருச்சு மேடம், அவங்க மேலயா என் மேலயான்னே தெரியல, வீட்டு கரண்ட் பில்லே பாக்கி கெடக்கு இவரு பெரிய கர்ணன்னு. அப்புறம் அந்த அக்கா வேற எங்கயோ கடன வாங்கி பேத்திக்கு காதுகுத்து வச்சு கெடா வெட்டி சோறு போட்டிருக்காங்க, எனக்கும் பத்திரிக்க குடுத்தாங்க. நான் போகல. அன்னைலேர்ந்து யாரு கவுண்டர்ல அழுதாலும் எனக்கு ஒண்ணும் தோணறதில்ல, தோணுனா எரிச்சல்தான் தோணுது, இவங்க இப்படித்தான், போகட்டும் ஏலத்துக்குன்னு.

இந்த நேரம் பாத்து ஒரு ஃப்ரெண்டு ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியோட குற்றமும் தண்டனையும் நாவல குடுத்தான். முதல் பக்கத்துலயே அடகு கட. கதாநாயகன் ரஸ்கோல்னிகோவ், படிப்ப விட்ட ஏழப் பையன், அப்பாவோட வாட்ச்ச கொண்டு போய் நாலு ரூபிள் கேக்கறான், கிழவி அல்யோனா ஒண்ணரதான் தருவேங்கறா, அதுலயும் இந்த மாச வட்டி, பழைய கடன் வட்டின்னு பிடிச்சுட்டு ஒரு ரூபிள் 15 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்) கையில குடுக்கறா. ரூபிளுக்கு மாசம் 10 கோபெக், நம்மூர் கணக்குல பத்து வட்டி, அதையும் முன்னாடியே கழிச்சுக்கறது. எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு, நான் உக்காந்திருக்கறது அந்த கிழவி சீட்டு.

அதோட விடல. அவன் குடிகார மர்மெலாதோவ் வீட்டுக்கு போறான், பசியில கெடக்கற புள்ளைங்கள பாக்கறான், கையில இருக்கற சில்லறைய ஜன்னல்ல வச்சுட்டு வர்றான், படிக்கட்டு எறங்கறதுக்குள்ள என்ன முட்டாத்தனம் பண்ணிட்டோம்னு நெனைக்கறான். அப்புறம் ரோட்டுல போதையில தள்ளாடுற ஒரு சின்னப்பொண்ண ஒருத்தன்கிட்டேர்ந்து காப்பாத்த போலீஸ்காரன்கிட்ட 20 கோபெக் குடுத்து வண்டி வைக்க சொல்றான், அடுத்த நிமிஷமே விட்டுருய்யா உனக்கென்னன்னு கத்துறான். அங்கயே புக்க மூடிட்டேன். இது அப்படியே நான்.

எனக்கு தெரிய வேண்டியது இதான். எனக்கு உண்மையிலேயே இரக்கம்னு ஒண்ணு இருந்துச்சா, இல்ல அதுவே நடிப்பா? இவன மாதிரியே ஆயிருவனா? அவன் கிழவிய கொன்ன மாதிரி கோடாலி எடுக்க மாட்டேன் அது வேற. நைட்டு தூக்கமும் சரியில்ல.

இப்படிக்கு,
பேர் வேண்டாமே மேடம்

---

தம்பி,

பேர் வேண்டாம், பரவால்ல. முதல்ல அந்த சீட்டு விஷயத்த முடிச்சுருவோம். நீங்க சம்பளத்துக்கு உக்காந்திருக்கீங்க, வட்டி வைக்கறது நீங்க இல்ல. அல்யோனா தன் காசுக்கு தானே வட்டி வச்சு, ஒரே அப்பாவுக்கு பொறந்த தங்கச்சி லிஸவேத்தாவையே வேலைக்காரி மாதிரி வச்சு அடிச்சவ. அந்தம்மாவும் நீங்களும் ஒண்ணு இல்ல. ஆனா நீங்க படிச்சதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா, அந்த ஜன்னல்ல வச்ச சில்லற எங்கேர்ந்து வந்துச்சு? வாட்ச்ச அடகு வச்சுட்டு வர்ற வழியில குடிக்கடையில ஒரு ரூபிள மாத்துனான், அதோட மிச்சம். அப்பா வாட்ச் அடகுக்கடைக்கு போயி, அந்த காசுல ஒரு பங்கு மர்மெலாதோவ் புள்ளைங்க வயித்துக்கு போகுது. ஒரு ஏழ கையிலேர்ந்து இன்னொரு ஏழ கைக்குத்தான் காசு ஓடுது அந்த நாவல் முழுக்க, பெரிய மனுஷன் குடுக்கறது ரொம்ப கம்மி. உங்க கரண்ட் பில்லும் அந்த கணக்குலதான் வருது.

இப்ப உங்க கேள்வி, நடிப்பான்னு. இல்ல. கவுண்டர்ல ஒருத்தங்க அழறப்ப உங்களுக்கு தாங்கலன்னு எழுதியிருக்கீங்களே, குடுக்கற கைய தள்ளுனது அதுதான், அவங்க வலி பாதி, அத பாக்க முடியாத உங்க வலி பாதி. குடுத்ததும் அந்த வலி சட்டுனு எறங்கிரும், அது எறங்குன எடத்துல பாக்கி கணக்கெல்லாம் வந்து உக்காரும். ரெண்டும் நெஜம்தான். அந்த நாவலோட கடைசியில கோர்ட்டுல ஒரு விஷயம் வெளிய வரும் (கதைய சொல்லிட்டேன்னு கோச்சுக்காதீங்க, கோடாலி வரைக்கும் நீங்களே சொல்லிட்டீங்க): காலேஜ்ல டிபி வந்த ஒரு ஏழப் பையன ஆறு மாசம் தன் காசுல பாத்துகிட்டவன் இதே ரஸ்கோல்னிகோவ், அந்த பையன் செத்ததும் அவனோட வயசான அப்பாவையும் ஆஸ்பத்திரியில சேத்து கடைசியில அடக்கமும் பண்ணியிருக்கான். அல்யோனா, லிஸவேத்தான்னு ரெண்டு கொல பண்ணுனவன்தான் இதையும் பண்ணுனவன். ஒண்ணுக்காக இன்னொன்ன பொய்யின்னு தஸ்தயேவ்ஸ்கி எந்த எடத்துலயும் சொல்ல மாட்டாரு, நானும் சொல்ல மாட்டேன்.

நீங்க புக்க மூடுன அதே எடத்துல, கத்தி முடிச்சப்புறம் அவன் மனசுக்குள்ள என்ன சொல்லிக்கறான்னு திரும்ப படிச்சு பாருங்க. வருஷா வருஷம் இத்தன சதவீதம் பேரு இப்படி போய்த்தான் ஆகணுமாம், பர்சன்டேஜ்னு சொல்லிட்டா மனசுக்கு ஒரு நிம்மதியாம். உங்க பிராஞ்சுலயும் மாசக்கடைசியில ஓவர்டியூ இத்தன பர்சன்ட், ஏலம் இத்தன பர்சன்ட்னு ஷீட்டு வரும்ல. இவங்க இப்படித்தான்னு நீங்க சொல்றது அந்த ஷீட்டு பேசற பேச்சு. ஆனா அவன் அங்க நிக்கல, உடனே சொந்த தங்கச்சி துனியா ஞாபகம் வந்துருது, அவளும் அந்த சதவீதத்துல விழுந்துட்டா என்னன்னு. கணக்குக்கு மொகம் வந்தா மறுபடி வலிக்குது. வலி வேண்டாம்னுதான் மனசு மரத்துப் போகுது, எங்க தொழில்ல இத கம்பாஷன் ஃபட்டீக்னு சொல்வோம், நர்சுங்ககிட்ட ரொம்ப பாப்போம், உங்கள மாதிரி கவுண்டர்ல நாள் பூரா அடுத்தவங்க கஷ்டத்த பாக்கறவங்களுக்கும் வரும். கல்நெஞ்சுன்னு அர்த்தம் இல்ல.

காதுகுத்துக்கு வர்றேன். அதுதான் உங்கள ரொம்ப குத்தியிருக்கு. மர்மெலாதோவ் வண்டியில அடிபட்டு சாவாரு, ரஸ்கோல்னிகோவ் அவர் பொண்டாட்டி காதரீனாகிட்ட 20 ரூபிள் குடுப்பான். அது அவன் காசு கூட இல்ல, வருஷத்துக்கு 120 ரூபிள் பென்ஷன் வாங்கற அம்மா அந்த பென்ஷன வச்சு கடன் வாங்கி அனுப்புனது. காதரீனா என்ன பண்றா, ஏறக்குறைய பாதிய கருமாதி விருந்துக்கே செலவழிச்சுடுறா, வோட்கா ரம்மு ஒயின்னு வாங்கி வச்சு. காசநோய் முத்திப்போய் நாளைக்கு வாடகைக்கு வழியில்லாதவ. ஏன்னா நாலு பேர மாதிரி நாங்களும் செஞ்சோம்னு காட்டணும், எளக்காரமா பாத்தவங்க முன்னாடி ஒரு நாள் தல நிமிந்து நிக்கணும், ஏழைங்களுக்கே உரிய ரோஷம் அது, ஆசிரியரே நின்னு ஒரு பத்தி எழுதறாரு. ரஸ்கோல்னிகோவ் அந்த விருந்துக்கு போறான். சந்தோஷமாவெல்லாம் இல்ல, காதரீனா பக்கத்துல உக்காந்து மரியாதைக்கு ரெண்டு வாய் சாப்புடுறான், என் காச இப்படி பண்ணிட்டியேன்னு மட்டும் கேக்கல. உங்க அக்கா உங்களுக்கு பத்திரிக்க வச்சாங்களே தம்பி, கடன்காரியா இல்லாம விருந்து குடுக்கறவங்களா உங்க முன்னாடி நிக்க அவங்களுக்கு வேற எப்ப சான்ஸ் கெடைக்கும்? கடன் வாங்கி கெடா வெட்டுனது சரின்னு நான் சொல்லல. எனக்கும் அது தப்பாத்தான் படுது. ஆனா நீங்க கட்டுன வட்டி கம்மல காப்பாத்துச்சு, அதோட உங்க பாத்தியத முடிஞ்சுது.

கர்ணன்னு எழுதுனீங்கல்ல, அதுக்கும் ஒரு எடம் இருக்கு. 20 ரூபிள் குடுத்தத அவன் அம்மாகிட்ட ஒத்துக்கறப்ப, அடுத்தவனுக்கு உதவணும்னா முதல்ல அதுக்கு உரிம வேணும்னு சொல்லிட்டு, அப்படித்தான துனியான்னு சிரிச்சுகிட்டே கேப்பான். துனியா இல்லன்னுருவா. எனக்கு துனியா கட்சி. லூஷின்னு ஒருத்தன் வருவான், மேலாடைய கிழிச்சு அடுத்தவனுக்கு பாதி குடுத்தா ரெண்டு பேரும் அரையம்மணமா நிப்போம், அதனால அவனவன் தன்ன மட்டும் பாத்துகிட்டா ஊரே நல்லாருக்கும்னு பொருளாதாரம் பேசுவான், அதே ஆளு பின்னாடி ஒரு ஏழப் பொண்ணு பாக்கெட்ல 100 ரூபிள் நோட்ட போட்டு திருடின்னு பட்டம் கட்டுவான். கைய கட்டிகிட்டு இருக்கறதுக்கு தத்துவம் பேசறவங்கள அந்த நாவல் கொஞ்சமும் மன்னிக்கறதில்ல.

சரி, அப்ப ரஸ்கோல்னிகோவுக்கு என்னதான் கோளாறு? என் அபிப்ராயம், அவனுக்கு வாங்க தெரியாது. குடுப்பான், வாங்க மாட்டான். ரஸுமிகின்னு ஒரு ஃப்ரெண்டு, அவனும் பஞ்சப்பாட்டுதான், தன் மொழிபெயர்ப்பு வேலையில பங்கு குடுத்து மூணு ரூபிள் அட்வான்ஸும் கையில வைப்பான், இவன் வாங்கிட்டு போயி திரும்பி வந்து மேசையில வச்சுட்டு பேசாம போயிருவான். அன்னைக்கே பாலத்துல வண்டிக்காரன் சாட்டையால அடிச்சப்ப ஒரு வியாபாரியோட பொண்டாட்டி பாவப்பட்டு 20 கோபெக் குடுப்பா, அத நேவா ஆத்துல வீசிட்டு போவான், அந்த நிமிஷம் எல்லாரோடயும் இருந்த ஒட்டு ஒறவு அறுந்து போன மாதிரி இருக்கும் அவனுக்கு. எழுதுனவருக்கு கை நீட்டறது என்னன்னு தெரியும், 1864ல அண்ணன் மிகைல் செத்ததும் அவர் கடனையும் குடும்பத்தையும் தோள்ல போட்டுகிட்டு, அடுத்த வருஷம் வெளிநாட்டுல சூதாடி எல்லாத்தையும் விட்டுட்டு இன்னொரு எழுத்தாளர் துர்கனேவ்கிட்ட லெட்டர் போட்டு காசு கேட்டவரு. 1866ல நாவல் தொடரா வந்தப்பவும் கடன்தான்.

நீங்க வீட்டுலயும் சொல்லல ஆபீஸ்லயும் சொல்லலன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் உறுத்துது, எரிச்சல் வந்தது இல்ல. மர்மெலாதோவ் குடிக்கடையில திரும்பத் திரும்ப சொல்றது என்ன, மனுஷனுக்கு போய் நிக்க ஒரு எடமாவது வேணும்னு. உங்களுக்கு அப்படி எடம் எது? வீட்டுல சொல்லுங்க, திட்டட்டும், பரவால்ல. புக்கு குடுத்த ஃப்ரெண்டுகிட்டயாவது இத முழுசா சொல்லுங்க.

கவுண்டர் விஷயத்துல, கஸ்டமர் வட்டிய கையிலேர்ந்து கட்டறத நிறுத்திருங்க, இரக்கத்துக்காக சொல்லல, வெளிய தெரிஞ்சா வேலைக்கே வெனையாகும். உங்க கையில வேற ஒண்ணு இருக்கு. நோட்டீஸ் போறதுக்கு முன்னாடியே ஒரு ஃபோன போட்டு, அக்கா இந்த தேதிக்குள்ள வட்டி மட்டும் கட்டுங்க, பகுதி பணம் கட்டலாமான்னு மேனேஜர்கிட்ட கேக்கறேன்னு புரியற மாதிரி சொல்றது. நோட்டீஸ்ல இருக்கறத படிச்சு புரிஞ்சுக்கறவங்க எத்தன பேரு சொல்லுங்க. காசாவும் குடுக்கணும்னு மனசு கேட்டா மாசம் இவ்வளவுன்னு வீட்டுல பேசி ஒரு தொகைய ஒதுக்குங்க, கரண்ட் பில் கட்டுனப்புறம்.

தூக்கம் இப்படியே போனா நேர்ல ஒரு சைக்காலஜிஸ்ட பாருங்க, அதுவரைக்கும் அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416 இருக்கு, தமிழ்லயே பேசலாம், ஃப்ரீதான். நாவல முழுசா படிங்க. ஆனா நீங்க மூடுன அத்தியாயத்துக்கு அடுத்ததுல ஒரு குதிரைய அடிச்சே கொல்ற கனவு வரும், அத மட்டும் படுக்க போறதுக்கு முன்னாடி படிக்காதீங்க, லீவு நாள்ல காலையில படிங்க.