வனுவாட்டு உலக நாடுகளிடம் கேட்பது பணம் மட்டுமா?

வனுவாட்டு போன்ற ஒரு சின்னத் தீவு நாடு, நீடித்த வளர்ச்சிக்காக மற்ற நாடுகளிடம் எதை முக்கியமாகக் கேட்கிறது என்பது உங்கள் கேள்வி. பணமும் கேட்கிறது. ஆனால் அதைவிட அழுத்தமாகக் கேட்பது, பருவநிலை மாற்றத்துக்கான பொறுப்பேற்பை.

காரணம் எளிது. பசிபிக்கில் ஏறக்குறைய 80 தீவுகள், சுமார் 3 லட்சம் மக்கள். 2015இல் பாம் புயல், 2020இல் ஹரால்ட், 2023 மார்ச்சில் ஒரே வாரத்துக்குள் ஜூடி, கெவின் என இரண்டு. பள்ளிக்கூடத்தைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த புயல் வந்துவிட்டால் வளர்ச்சி எங்கிருந்து வரும்?

அதனால்தான் 1991லேயே, சிறுதீவு நாடுகள் சார்பில் வனுவாட்டு ஒரு யோசனை வைத்தது: கடல்மட்ட உயர்வால் வரும் இழப்பை ஈடுகட்டக் காப்பீட்டு நிதி, பணம் போடுவது தொழில்மயமான நாடுகள். இழப்புக்கென்று தனி நிதியம் அமைக்க உலகம் ஒப்புக்கொண்டது 2022இல், எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில். 31 ஆண்டுகள்! எனக்கு இது மன்னிக்க முடியாத தாமதமாகவே படுகிறது.

அப்புறம் சட்ட வழி. பருவநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்கலாம் என 2019இல் பசிபிக் சட்ட மாணவர்கள் எழுப்பிய யோசனையை வனுவாட்டு அரசு கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை அதை எதிர்ப்பின்றி ஏற்று, அந்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 2025 ஜூலை 23 அன்று பதில் வந்தது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை போகலாம். இது கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல, ஆலோசனைக் கருத்துதான். ஆனாலும் இனி வரும் வழக்குகளில் இதை எடுத்துக்காட்டி வாதாடலாம்.